மனுவின் கடைசி வரி

சத்தியம் தம்பி, சத்தியம்! இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் என் கண் அவிந்து போகட்டும். இடது கண்ணில் ஏற்கெனவே புரை விழுந்து உதவாமல் போய்விட்டது, அதனால் வலது கண் மேல் சத்தியம். அந்த ஒரு கண்ணை வைத்துத்தான் மனு எழுதிப் பிழைக்கிறேன். அதையே பணயம் வைக்கிறேன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

டீக்கடைக்காரன் என்ன சொல்லி உங்களை இங்கே அனுப்பினான் என்று எனக்குத் தெரியும். "கோமதிநாயகம் தாத்தாகிட்ட போங்க அண்ணாச்சி, எழுத்து முத்து முத்தா இருக்கும், வாயத் தொறந்தா மட்டும் புளுகு" என்றிருப்பான். சொல்லட்டும். அவன் பாலில் விடுகிற தண்ணீரை விடவா நான் கதையில் விடுகிறேன்?

உட்காருங்கள். கலெக்டர் ஆபீஸ் கேட் திறக்க இன்னும் முக்கால் மணி இருக்கிறது. உங்களுடையது பட்டா மனு, கால் மணியில் முடித்துவிடுவேன். வந்ததும் வராததுமாக என்ன கேட்டீர்கள்? "இப்ப எந்திரிச்சுப் போச்சே பச்சைச் சேலை, அது உங்க மகளா?" என்று கேட்டீர்கள். மகள் இல்லை தம்பி. என் மகள் எனக்காக ஒரு வரிசையிலும் நிற்கமாட்டாள். இவள் உங்களுக்கும் சேர்த்து டோக்கன் வரிசையில் இடம் போட்டு வைக்கப் போயிருக்கிறாள். என்னிடம் மனு எழுத வருகிற எல்லாருக்கும் அப்படிச் செய்வாள். பெயர் முப்பிடாதி. இருபத்தாறு வயது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு வாசிப்பாள், ஆபீஸ் தமிழ் அவளுக்கு ஓடாது.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். தற்பெருமை இல்லை, விஷயம் விளங்கவேண்டுமே அதற்காக. முப்பத்தெட்டு வருஷமாக இந்த வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறேன். பைபாஸுக்குத் தெற்கே, உடைமரக் காட்டுக்கு நடுவில், மூன்று தெருவிளக்கு எரிகிறதே, பார்த்திருக்கிறீர்களா? அங்கே தெருவே கிடையாது. ஒரு பந்தயத்துக்காக, இல்லாத தெருவில் இருட்டில் தவிக்கிற இல்லாத கர்ப்பிணிப் பெண்களைப் பற்றி ஒரு மனு எழுதினேன். ஆறே மாதத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் எரிகிறது. முயல்கள் எல்லாம் நல்ல வெளிச்சத்தில் மேய்கின்றன.

எப்படி? எல்லாம் கடைசி வரியில் இருக்கிறது. என் மனு ஒவ்வொன்றும் ஒரே வரியில்தான் முடியும். "இல்லையேல் உயிரை மாய்த்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை." அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. அந்த வரி இருக்கிற மனுவை எடுத்துத் தனியே வைப்பார்கள். இல்லாத மனு கட்டோடு கட்டாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். முதியோர் பென்ஷன், மாற்றுத்திறனாளி வண்டி, குடிசைக்குக் கரண்டு என்று எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அத்தனை பேரும் சாகப்போவதாக எழுதிக் கொடுத்தவர்கள்தான். ஒருத்தரும் சாகவில்லை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

இப்போது முப்பிடாதி.

பைபாஸில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதில் இவள் சித்தாள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறொரு குடும்பத்துக்குத் தலைவனாகிவிட்டான். கையில் மூன்றரை வயசுப் பெண் குழந்தை. பெயர் சஷ்டிகா. கட்டடத்துப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி, ஓர் ஆள் ஆழம், மூடி கிடையாது. இவள் மாடியில் கல் சுமக்கும்போது பிள்ளை கீழே தொட்டிப் பக்கம் போய்விடுமே என்று பழைய சேலையைக் கிழித்து, பிள்ளையின் காலில் ஒரு முனை, தூண் கம்பியில் ஒரு முனை கட்டிப் போட்டிருந்தாள். நிழல் இருக்கிற தூரம் வரைக்கும் நடக்கலாம், அவ்வளவு நீளம் விட்டுத்தான் கட்டியிருந்தாள்.

பைக்கில் போன ஒருத்தன் அதை செல்போனில் வீடியோ எடுத்தான். கட்டாமல் விட்டு, பிள்ளை தொட்டியில் விழுந்திருந்தால் அதையும் எடுத்திருப்பான், அது வேறு விஷயம். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பார்த்தாயிற்று. குழந்தைகளுக்கான ஆபீஸிலிருந்து வேன் வந்து பிள்ளையைக் கொண்டுபோனது. இவள் சிமெண்ட் கையோடு வேனுக்குப் பின்னால் ரயில்வே கேட் வரைக்கும் ஓடியிருக்கிறாள்.

பிள்ளையை ஒரு காப்பகத்தில் வைத்தார்கள். விசாரணை குழந்தைகள் நலக் குழுவில். கோர்ட்டு மாதிரிதான், ஆனால் கறுப்புக் கோட்டு இருக்காது. அதோ, அந்த மஞ்சள் கட்டடத்தில் இரண்டாவது மாடி. அங்கே வேலை பார்த்த ஆக்னஸ் மேடம் என்கிற பெண்தான் இவளுக்குப் பொறுப்பு. நல்ல பிள்ளை, கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. முதல் நாளே இவளிடம் சொல்லிவிட்டதாம்: "அழாத முப்பிடாதி. உனக்கு உரிமை இருக்கு. பிள்ளையைப் பிரிச்சு வைக்கிறது எங்க வேலை இல்ல. மறுபடி உன்கிட்ட சேர்த்து வைக்கப் பாக்கிறதுதான் மொத வேலை, சட்டமே அப்படித்தான் சொல்லுது. மூணு மாசம் டைம். நீ செய்ய வேண்டியத நீ செய்யி, நான் கூட நிக்கிறேன்."

மூன்று மாதம் இவள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். சித்தாள் வேலையை விட்டாள். மாவுக்கடையில் ஆட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்குப் பின்னால் ஓர் அறை, தகரக் கதவு. வீட்டுக்குப் பானை வாங்குவதற்கு முன்னால் பூட்டு வாங்கியவள் இவள் ஒருத்திதான். சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு, கண்டவரிடமெல்லாம் எடுத்துக் காட்டுவாள். அங்கன்வாடியில் போய்ப் பிள்ளைக்கு இடம் சொல்லி வைத்தாள். புதன்கிழமை தோறும் கவுன்சிலிங். அங்கே மனசில் இருப்பதைப் படமாகப் போடு என்றார்களாம். இவள் தண்ணீர்த் தொட்டியைப் போட்டாள். அடுத்த வாரமும் தொட்டி. ஏழாவது வாரம் தொட்டிக்கு ஒரு மூடி போட்டாளாம். ஆக்னஸ் மேடம் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் காப்பகத்தில் பிள்ளையைப் பார்க்கலாம். முதல் வாரம் சஷ்டிகா பக்கத்திலேயே வரவில்லை. ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாதக் கடைசியில் மடிக்கு வந்தது. கடைசி வாரம் காதுக்குள்ளே கேட்டதாம், "அம்மா, உன் வீட்டுல கதவு இருக்காமே?" என்று. அன்றைக்கு இவள் இந்த மரத்தடிக்கு வந்து அதையே நாலு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக்னஸ் மேடம் வீட்டைப் பார்த்து, கடையைப் பார்த்து, நல்லபடியாக அறிக்கை எழுதிவிட்டது. கடைசி விசாரணைக்கு முன்னால் இவளிடம் சொல்லியிருக்கிறது: "உன் தரப்பில ஒரு கடிதம் குடு. நாலு வரி போதும். நான் தயாரா இருக்கேன், பிள்ளையைத் தாங்கன்னு, அவ்வளவுதான்."

நேரே என்னிடம் வந்தாள். வேறு யாரிடம் போவாள்?

"எழுதுங்க தாத்தா. எனக்கு வீடு இருக்கு, கதவு இருக்கு. மாவுக்கடையில வேலை இருக்கு. பால்வாடியில இடம் சொல்லியாச்சு. என் பிள்ளைய எங்கிட்ட தந்துருங்க."

நான் சிரித்துவிட்டேன். "ஏ பிள்ள, இது மனுவா, கல்யாணப் பத்திரிகையா? வீடும் இருக்கு வேலையும் இருக்குன்னா, இவளுக்கு என்ன கொறைன்னு கேக்கமாட்டானா அதிகாரி? மனசு எளகவேண்டாமா?"

"மேடம் இப்பிடித்தான் எழுதச் சொன்னாங்க."

"மேடத்துக்குச் சர்வீஸ் எத்தனை வருஷம்? எனக்கு எத்தனை?"

நான் எழுதினேன். மனசார எழுதினேன் தம்பி. அப்படி ஒரு மனு நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. கணவனால் கைவிடப்பட்டு, ஒண்ட நிழலின்றி, ஒரு வேளைக் கஞ்சிக்கும் வழியின்றி, இரவெல்லாம் உறக்கமின்றிப் பித்துப் பிடித்தவள்போல் தெருத்தெருவாக அலையும் அபலையாகிய நான் என்று தொடங்கி, இரண்டரைப் பக்கம். கடைசி வரியில் ஒரு புதுமை செய்தேன். வழக்கமாக ஓர் உயிர்தான் போகும். இதில் கனம் வேண்டுமே என்று, "என் மகளை என்னிடம் ஒப்படைக்காவிட்டால் நானும் என் மகளும் உயிரை மாய்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை" என்று போட்டேன். கீழே சிவப்புக் கோடு. ஒன்றில்லை, இரண்டு.

வாசித்துக் காட்டினேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "தாத்தா, நாந்தான் தெருவுல அலையலியே? எம்பிள்ளய எதுக்கு நான் சாகடிக்கப்போறேன்?"

"எழுத்து வேற, நெசம் வேற தாயி. அவங்களுக்கும் தெரியும். எது கேட்டாலும் ஆமான்னு சொல்லு, அம்புட்டுதான். யார் எழுதினதுன்னு கேட்டா மட்டும் சொல்லிராத, லைசென்ஸ் இல்லாம எழுதுதேன்னு என்னைய இங்க இருந்து கிளப்பிருவானுவ."

கையெழுத்துப் போட்டாள். பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் போடுவாள். அதற்கே மூன்று நிமிஷம் ஆயிற்று.

விசாரணையில் நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழுத் தலைவி அம்மா மனுவை வாசித்தார்களாம். திரும்பவும் வாசித்தார்களாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதெல்லாம் நீ சொல்லி எழுதினதாம்மா?" என்று கேட்டார்கள்.

"ஆமா."

"தங்க இடம் இல்லையா உனக்கு?"

"ஆமா."

ஆக்னஸ் மேடம் பதறிப்போய், "மேடம், வீடு இருக்கு, நானே பாத்தேன், போட்டோ இருக்கு" என்றிருக்கிறது. தலைவி அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "பிள்ளையையும் சேத்து சாகிறதா எழுதியிருக்கே. அந்த எண்ணம் உனக்கு இருக்கா?" என்று கேட்டார்கள்.

அதற்கும் இவள் ஆமா என்றாள். எது கேட்டாலும் ஆமா சொல்லு என்று சொன்னது நான்தான். ஆனால் எதற்குச் சொல்லவேண்டும், எதற்குச் சொல்லக்கூடாது என்று ஒரு மனுஷிக்குத் தெரியவேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

"எழுதிக் குடுத்தது யாரு?" என்று கேட்டதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை. மூன்று தடவை கேட்டார்களாம். கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அந்த விஷயத்தில் நான் அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

மறுநாள் காலையிலேயே ஆக்னஸ் மேடம் இந்த மரத்தடியில் வந்து நின்றது. கையில் என் மனுவின் நகல். "பெரியவரே, இந்தச் சிவப்புக் கோடு உங்களுதுதானே? ஆர்டர் இன்னும் போடல. நீங்க மேல வந்து, இது வழக்கமா எல்லாருக்கும் எழுதுற வரி, அந்தப் பொண்ணு சொன்னது இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். உங்களை ஒண்ணும் பண்ணமாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு."

என் நாக்கு அது பாட்டுக்குப் பேசுகிறது தம்பி: "நான் பட்டா, பென்ஷன் தவிர எழுதறதில்லம்மா. செவப்பு மை நமக்கு ஒவ்வாது, கண் எரியும். கோயில்பட்டிக்காரன் ஒருத்தன் திங்கக்கெழமை திங்கக்கெழமை வந்து எழுதுதான், குட்டையா, காதுல முடி, நெத்தியில தழும்பு..." இல்லாத ஆளுக்குத் தழும்பு வரைக்கும் வைத்தேன். அந்தப் பிள்ளை மூன்று திங்கட்கிழமை வந்து அந்தக் கோயில்பட்டிக்காரனைத் தேடியது. பிறகு அதன் ஒப்பந்த வேலை முடிந்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. நான் என்ன செய்யட்டும்? இந்த மரத்தடியை விட்டால் எனக்கு எங்கே இடம் இருக்கிறது?

சித்திரையில் ஆர்டர் தபாலில் வந்தது. நாலு பக்கம். பிரிக்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவந்தாள். பிரித்தேன். இரண்டாவது பக்கத்தில் தம்பி, என் வாக்கியம்! ஒண்ட நிழலின்றி என்பதிலிருந்து வேறு வழியில்லை வரைக்கும், ஓர் எழுத்து மாற்றாமல் மேற்கோள் போட்டு டைப் அடித்திருந்தார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் என் எழுத்தை எந்த அதிகாரியும் திருப்பி எழுதியதில்லை. ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது, பொய் சொல்லக்கூடாது. அதற்குக் கீழே இருந்ததைப் பிறகுதான் வாசித்தேன். தாயின் மனநிலை குழந்தையின் உயிருக்கு ஆபத்தானது. குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்க இயலாது. வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

"என்ன போட்டிருக்கு தாத்தா?"

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு. அந்த முகத்தைப் பார்த்து நீங்கள் வாசிப்பீர்களா? அவ்வளவு கல்நெஞ்சு எனக்குக் கிடையாது. "பிள்ள ரொம்பக் கெட்டிக்காரியாம் தாயி. மலைப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல சேத்திருக்காங்களாம், சர்க்கார் செலவுல. படிப்பு ஒரு கட்டம் வந்ததும் உங்கிட்ட குடுப்பாங்களாம்" என்று வாசித்தேன்.

"பாக்க விடுவாங்களா?"

"படிப்பு கெட்டுரும்னு போட்டிருக்கு. முத்திரை வச்ச தாள், வெளி ஆளுகிட்ட காட்டாத, கேஸ் கெட்டுரும்."

முப்பது நாள் போயிற்று. அதற்குப் பிறகு திங்கட்கிழமை தோறும் வருகிறாள். நான் ஒரு மனு எழுதுவேன், அவள் கொடுப்பாள், மேலேயிருந்து பதில் வரும், 'ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டது' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நான் அரை மணி நேரம் வாசிப்பேன். சஷ்டிகா குதிரை ஏறிப் பழகுகிறாள். சஷ்டிகாவுக்கு மேல் வரிசையில் ஒரு பல் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மேகம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்துவிடும், டீச்சர் பிரம்பால் விரட்டுவாள். முப்பிடாதி வாய்விட்டுச் சிரிப்பாள். "பல்ல என்ன செஞ்சா தாத்தா, கூரையில எறிஞ்சாளா?" என்று கேட்பாள். எத்தனையோ பேருக்குக் கதை சொல்லியிருக்கிறேன் தம்பி, இவளைப் போல் கேட்கிறவள் கிடைத்ததில்லை. மாவுக்கடையில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நோயில் இருக்கிறார்கள், இவள் திடமாக இருக்கிறாள். யாரால்? நான் செய்தது கெடுதல் என்றால் அந்த முகத்தில் சிரிப்பு எப்படி வரும்?

அந்தக் குழுவில் ஒருத்தருக்காவது தமிழ் வாசிக்கிற ருசி இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அலங்காரத்துக்கு எழுதினதைப் பிடித்துக்கொண்டு...

இன்றைக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தாள். நீங்கள் வந்து நின்றபோது அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு என்று வாசித்தேன், நீங்களும் கேட்டீர்கள். "எப்ப தாத்தா கூட்டிட்டு வரலாம்?" என்று கேட்டாள். மார்கழி கழியட்டும் என்றேன்.

பேச்சுப் போட்டி இல்லை. வளர்க்கிற புருஷனும் பெண்சாதியும் பிள்ளையைச் சட்டப்படி தத்து எடுத்துக்கொள்ள மனுப் போட்டிருக்கிறார்கள். பெற்ற தாய்க்கு ஆட்சேபணை இருந்தால் வருகிற வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரில் வந்து சொல்லவேண்டும். வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். அவ்வளவுதான், ஆறு வரி. நான் இரண்டு தடவை வாசித்தேன், மனசுக்குள்.

அதோ, வரிசையை விட்டு வருகிறாள். கையை ஆட்டுகிறாள் பாருங்கள், உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது.

தம்பி, கொஞ்சம் கிட்ட வாருங்கள். நீங்கள் படித்தவர், வெளியூர்க்காரர், பட்டாவுக்கு வந்தவர், போய்விடுவீர்கள். நான் இங்கேயே இருக்கவேண்டியவன். அடுத்த திங்கட்கிழமையும் அவள் முகத்தைப் பார்க்கவேண்டியவன். மஞ்சள் கட்டடம், இரண்டாவது மாடி, வியாழக்கிழமை பதினோரு மணி. சொல்வதானால் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். சொல்லாமல் போனாலும் உங்களை ஒன்றும் நினைக்கமாட்டேன். சொன்னால், யார் சொன்னது என்று கேட்பாள். என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவளிடம் மட்டுமில்லை, யாரிடமும். வரிசையில் நின்ற யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள். நம்பிவிடுவாள். யார் என்ன சொன்னாலும் நம்புகிறவள்தானே.